வேலை தெரிந்தவருக்குப் படிப்பும் பதவியும் வேண்டும்

ஆபரேஷன் என்றதும் நம்மவர்கள் டாக்டரை மட்டும்தான் நினைக்கிறார்கள். மயக்க மருந்துக் கருவியைத் தயார் செய்வது, முறிந்த காலுக்கு மாவுக்கட்டு போடுவது போன்ற வேலைகளில் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் மருத்துவ உதவியாளர்களும் தாதிகளும்தான் கைகொடுக்கிறார்கள். செம்பனைக் குலை விழுந்து அடிபட்டவருக்கு இது தெரியும்.

இவர்களை எவ்வளவு தூரம் உயர்த்தலாம்? ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டைப் பாருங்கள். 1975-ல் சுதந்திரம் கிடைத்தபோது அங்கிருந்த டாக்டர்களில் பெரும்பாலோர் கிளம்பிப் போய்விட்டார்கள். 1984-ல், அனுபவமுள்ள தாதிகளையும் மருத்துவ உதவியாளர்களையும் பொறுக்கியெடுத்து அறுவைப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். தலைநகர் மபுட்டோவில் இரண்டு ஆண்டு, மாகாண ஆஸ்பத்திரியில் ஓர் ஆண்டு. சிசேரியன்கூட இவர்களே செய்தார்கள். 2007-ல் வெளிவந்த ஆய்வின்படி, தேர்ச்சி பெற்று ஏழு ஆண்டுக்குப் பிறகும் 100-க்கு 88 பேர் மாவட்ட ஆஸ்பத்திரிகளிலேயே இருந்தார்கள். அங்கே அனுப்பிய டாக்டர்களில் ஒருவர்கூட நிலைக்கவில்லை.

இங்கேயும் அப்படியே கத்தியைக் கையில் கொடு என்று நான் சொல்ல வரவில்லை. முறையான பயிற்சியும் டாக்டரின் மேற்பார்வையும் இல்லாமல் உயிரோடு விளையாடக் கூடாது. ஆனால் வருஷக் கணக்கில் காயம் தைத்துப் பழகிய தோட்டத்து டிரெஸ்ஸருக்கு மேற்படிப்பில் இடம் வேண்டாமா? படித்து வந்தபின் பதவியும் சம்பளமும் ஏற வேண்டாமா? வேலை மட்டும் கூடும், சம்பளம் கூடாது என்றால் எவர் படிக்க வருவார்?

சங்கம் இதைக் கேட்க வேண்டும். அடிபடுவது நம் ஆட்கள்தானே!