நேசரி டீச்சர்தானே!

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு ஓர் அழுகைச் சத்தம் கேட்கும். நாலரை வயதுத் தம்பி பாயில் குந்தியிருந்து கொப்பியில் 'அ' எழுதுகிறான் என்று அர்த்தம். ஒரு பக்கம் முழுக்க 'அ'. அடுத்த பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐம்பது வரை இலக்கங்கள். மூன்றாவது வரியில் பென்சில் நழுவும். ஐந்தாவது வரியில் கண்ணீர் விழுந்து தாள் ஊறிவிடும். உம்மா அவன் கையைப் பிடித்து எழுத வைப்பார். கடைசியில் உம்மாவே எழுதி முடித்துவிடுவார்.

அந்த வீட்டுவேலையைக் கொடுத்து அனுப்புபவர் வேறு யாருமல்ல, என் ராத்தாதான். தம்பி படிக்கும் முன்பள்ளியில்தான் அவர் கற்பிக்கிறார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ராத்தா, இது பாவமில்லையா? நீங்க டிப்ளோமாவில படிச்சது இதைத்தானா?"

"படிச்சது வேற. குடுக்காட்டி புள்ளைகள் அடுத்த நேசரிக்குப் போயிடும். மூணு மாசமாக் காசு கட்டுறம், புள்ள ஒண்டும் எழுதுறான் இல்ல எண்டு கேட்டு வாறாங்க. நான் விளக்கம் சொன்னா யாரு கேப்பாங்க? நான் நேசரி டீச்சர்தானே."

அந்த 'தானே' எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. மனைப்பொருளியல் பாடத்துக்காகப் பிள்ளை வளர்ச்சி பற்றி வாசித்துக்கொண்டிருந்த நான், அதன் பிறகு மற்ற நாடுகளில் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று தேடித்தேடி வாசிக்கத் தொடங்கினேன். விளையாட்டுப் பொருட்களும் வண்ணக் கட்டடங்களும்தான் அவர்களுடைய இரகசியமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். என் எண்ணம் பிழை.

எங்கள் ஊரில் மூன்று ஒழுங்கைக்கு ஒரு 'மொன்டிசோரி' பெயர்ப்பலகை தொங்குகிறது. மரியா மொன்டிசோரி இத்தாலியில் ஒரு வைத்தியர். 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக முதல் 'பிள்ளைகள் இல்லத்தை'த் தொடங்கியவர். உலக யுத்த காலத்தில் இந்தியாவில் தங்கியிருந்தபோது, 1944 இல் நமது நாட்டுக்கும் வந்து போயிருக்கிறார். அவர் எழுத்துக்கு எதிரானவரல்லர். அவரிடம் படித்த பிள்ளைகள் நாலு வயதிலேயே எழுதினார்கள். ஆனால் அதற்கு முன்பு, சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவினார்கள். பொத்தான் பூட்டினார்கள். தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றிப் பழகினார்கள். கை தயாரான பிறகு பென்சிலைத் தாங்களாகவே எடுத்தார்கள். நாலு வயதில் மணிக்கட்டு எலும்புகள்கூட முழுதாக உருவாகி முடிந்திருப்பதில்லை என்பது வைத்தியருக்குத் தெரியாமல் இருக்குமா? நாம் அவருடைய பெயரை மட்டும் எடுத்துப் பலகையில் மாட்டிக்கொண்டோம்.

பின்லாந்தில் பிள்ளைகள் ஏழு வயதில்தான் முதலாம் வகுப்புக்குப் போகிறார்கள். அதற்கு முந்திய ஒரு வருட ஆயத்தக் கல்வி 2015 இலிருந்து கட்டாயம். இது பலருக்குத் தெரிந்த செய்தி. எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. அங்கே முன்பள்ளி ஆசிரியராக வருவதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். "உங்கள் பிள்ளைக்கு இன்னும் எழுத்து வேண்டாம், அவன் விளையாடட்டும்" என்று அப்படிப்பட்ட ஓர் ஆசிரியை சொன்னால், வைத்தியர் சொன்ன மாதிரிப் பெற்றோர் கேட்பார்கள். அதே வசனத்தை என் ராத்தா சொன்னால் வேலை தெரியாதவர் என்பார்கள். அவர் மாதம் முழுக்க இருபத்திரண்டு பிள்ளைகளோடு மாரடித்து வாங்கும் காசு, என்னுடைய உயர்தர ரியூசனுக்குத்தான் சரியாக இருக்கும். (இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

"அதெல்லாம் காசுள்ள நாடுகள்" என்று வாப்பா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன், ரெஜியோ எமிலியாவைப் பற்றி வாசிக்கும்வரை.

1945 வசந்த காலம். இத்தாலியில் யுத்தம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ரெஜியோ எமிலியா நகருக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்றொரு கிராமம். பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுவிட்டுப் போன ஒரு யுத்த டாங்கியும் சில லொறிகளும் குதிரைகளும் அங்கே கிடந்தன. ஊர் மக்கள் அவற்றை விற்றார்கள். அந்தக் காசில் தங்கள் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை கட்ட முடிவெடுத்தார்கள். குண்டு விழுந்த வீடுகளிலிருந்து செங்கல் பொறுக்கினார்கள், ஆற்றிலிருந்து மணல் அள்ளினார்கள். இதைக் கேள்விப்பட்ட லோரிஸ் மாலகுஸி என்ற இளம் ஆசிரியர் சைக்கிளில் போய்ப் பார்த்தார். பார்த்தவர் பிறகு தன் வாழ்நாள் முழுவதையும் அந்தப் பகுதிச் சிறுவர்களுக்கே கொடுத்துவிட்டார். இன்று உலகின் பல நாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் போய்ப் பார்க்கும் ரெஜியோ முன்பள்ளிகள் இந்தச் செங்கற்களில் இருந்துதான் தொடங்கின.

யுத்தம் என்றால் என்னவென்று நம் பகுதிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. டாங்கியை விற்று முன்பள்ளி கட்டும் எண்ணம் எப்படி வந்திருக்கும் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

அதே 1945 இல்தான் நம் நாட்டில் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் நான் இன்று உயர்தரம் படிக்கிறேன். ஆனால் தரம் ஒன்றுக்கு முந்திய இரண்டு வருடங்களுக்கு, பெரும்பாலான பெற்றோர் இன்னும் காசு கட்டித்தான் அனுப்புகிறார்கள். காசு கட்டுபவர் கண்ணால் காணக்கூடிய ஒன்றைக் கேட்பார். பக்கம் நிறைந்த கொப்பி கண்ணுக்குத் தெரியும். பொறுமை கற்றுக்கொண்ட பிள்ளை கண்ணுக்குத் தெரியாது. எனவே நான் பெற்றோரை மட்டும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட வழியே இல்லையா?

இருக்கிறது. நியூசிலாந்தின் முன்பிள்ளைப்பருவக் கலைத்திட்டம் 1996 இல் வெளிவந்தது. அதன் பெயர் 'தே ஃபாரிக்கி'. மாவோரி மொழியில் பின்னிய பாய் என்று பொருள். நலம், உரித்துணர்வு, பங்களிப்பு, தொடர்பாடல், தேடியறிதல் ஆகிய ஐந்தும் அதன் இழைகளில் அடங்கும். பன்பாய் இழைக்கும் உம்மம்மாவிடம் இதைச் சொன்னேன். "பாயெண்டா ஒரு பன்னை மட்டும் இழுத்தா கோணிப் போகும் மகள்" என்றார். எழுத்து என்ற ஒரு பன்னை மட்டும் நாம் எவ்வளவு காலமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம்!

அந்த நாட்டில் மார்கரெட் கார் என்பவர் 'கற்றல் கதைகள்' என்ற முறையை வளர்த்தெடுத்தார். புள்ளி போடுவதற்குப் பதிலாக, பிள்ளை என்ன செய்தது, எதில் மூழ்கியிருந்தது, எங்கே விடாமல் முயன்றது என்று ஆசிரியர் ஒரு சின்னக் கதையாக எழுதுவார். பெற்றோரும் வாசிப்பார்கள். இதற்குக் காசு தேவையில்லை, ஒரு பேனாவும் கடதாசியும் போதும். ராத்தாவை இரண்டு வாரம் நச்சரித்தேன். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகள் என்று எழுதத் தொடங்கினார்.

தம்பிக்கு வந்த முதல் துண்டு இது: "இன்று மணலில் வாய்க்கால் வெட்டினான். தண்ணீர் ஏன் மேலே போகவில்லை என்று மூன்று தடவை கேட்டான். கூட்டாளி வாளியைக் கேட்டபோது முதலில் கொடுக்கவில்லை. பிறகு தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தான்." வயலில் இருந்து வந்த வாப்பா அதை நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். "ஏண்டா, வாய்க்கால் எந்தப் பக்கம் சரிவு வெச்சாய்?" என்று அவனிடம் கேட்டார். அன்றிரவு இருவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. ஒரு தாய் துண்டைத் திருப்பி அனுப்பி, பின்பக்கத்தில் "வீட்டுவேலை எங்கே?" என்று கேட்டிருந்தார். ஒரு பிள்ளை வேறு முன்பள்ளிக்கு மாறிவிட்டது. ராத்தா இரண்டு நாள் கவலையோடு இருந்தார். இப்போது அரைப் பக்கம் எழுத்து, ஒரு துண்டுக் கதை என்று சமாளிக்கிறார். அது தோல்வியா என்று கேட்டால், மாதச் சம்பளத்துக்குப் பயந்து வாழும் ஒருவர் அவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்பேன்.

எங்கள் வகுப்பில் எதிர்கால இலட்சியத்தைக் கேட்டபோது வைத்தியர், சட்டத்தரணி, கணக்காளர் என்று சொன்னவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. முன்பள்ளி ஆசிரியை என்று நான் சொன்னதும் சிரித்தார்கள். "அதுக்கா கெம்பஸ் போகணும்?" என்றாள் என் உயிர்த் தோழி. ஆம், அதற்குத்தான் போகவேண்டும் என்கிறேன். கலியாணம் வரும்வரை பொழுதுபோக்குகிற வேலையாக நாம் அதைப் பார்க்கும்வரை, ராத்தாவின் வாயில் அந்த 'தானே' இருந்துகொண்டுதான் இருக்கும்.

உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு விண்ணப்பத்தில் எதை நிரப்பப்போகிறேன் என்று வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தச் சஞ்சிகை வீட்டுக்கு வந்தால் அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பார்.