உதகைக்கு முன் சாத்தனூர்!

கல்விச் சுற்றுலா என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? உதகை, கொடைக்கானல், மைசூர். இல்லையேல் ஏதேனும் ஒரு கேளிக்கைப் பூங்கா. இரவெல்லாம் பேருந்துப் பயணம், பகலெல்லாம் அரைத் தூக்கம். திரும்பி வந்ததும் 'இயற்கைக் காட்சிகளைக் கண்டு மகிழ்ந்தோம்' என்று ஒரு கட்டுரை. பணம் கட்ட இயலாத மாணவனோ அந்த மூன்று நாளும் வீட்டில் இருக்கிறான்.

இதைவிடச் சிறந்த சுற்றுலா ஒன்று உண்டு. காலையில் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டு, நம் மாவட்டத்துச் சிற்றூர்களைக் கண்டு, மாலையில் வீடு திரும்பலாம். செலவு பெரும்பாலும் பேருந்துக் கட்டணம் மட்டுமே. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

'எங்கள் ஊர்ப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது?' என்று கேட்பீர்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களையே எடுத்துக்கொள்வோம். கொளுத்தும் வெயில், மானாவாரி நிலங்கள், சிமெண்டு ஆலைகள், புழுதி பறக்கும் சாலைகள். சுற்றுலாப் பயணிகள் நின்று பார்க்காமல் கடந்துபோகும் பகுதி இது.

ஆனால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று கிடக்கிறது. தொட்டுப் பாருங்கள்; அது மரமல்ல, கல்! கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், இப்பகுதியில் கடல் இருந்தது. கடலுக்கு அடித்துவரப்பட்ட மரம் வண்டலில் புதைந்தது. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் படிந்து, அதன் உருவம் மாறாமலே அதைக் கல்லாக்கிவிட்டது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்தார்.

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியைப் பெருமாள் கோவிலுக்காகப் பலர் அறிவர். நிலவியலாரோ அவ்வூர்ப் பெயரை அங்குள்ள சுண்ணாம்புக்கல் அடுக்குக்கே சூட்டியிருக்கிறார்கள். காரணம், அதில் அடைந்து கிடக்கும் சிப்பிகள். இன்று கடற்கரை அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது! ஊட்டத்தூர், காரை, அரியலூர் என்னும் பெயர்களும் இவ்வாறே உலக நிலவியல் நூல்களில் இடம்பெற்றுள்ளன. இவ்வூர்களின் பள்ளி மாணவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

அறியாமையின் விளைவு என்ன? 2020-ஆம் ஆண்டில் குன்னத்தில் குளத்து மண்ணை வெட்டியபோது உருண்டைக் கற்கள் கிடைத்தன. 'டைனோசர் முட்டை' என்ற செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. நிலவியலார் வந்து பார்த்தார்கள். அவை முட்டைகள் அல்ல. அம்மோனைட் என்னும் கடல் உயிரின் எச்சத்தைச் சுற்றி வண்டல் திரண்டு இறுகிய கற்கள். நத்தை ஓடுபோல் சுருண்ட அம்மோனைட்டை ஒரு முறை நேரில் பார்த்த மாணவன், அன்றே தன் தெருவாருக்கு இதை விளக்கியிருப்பான் அல்லவா?

இன்னொரு காரணமும் உண்டு. சிமெண்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். அதைக் களிமண்ணுடன் சேர்த்து ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, அரைத்துச் சிமெண்டு ஆக்குகிறார்கள். ஆக, பண்டைக் கடலின் சிப்பிகள் நம் வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன! சுரங்கம் வெட்டுவதால்தான் பல படிவங்கள் வெளிப்படுகின்றன. அதே சுரங்கம் அவற்றை அரைத்தும் விடுகிறது. சிமெண்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாமும் சிமெண்டு வீட்டில்தான் வாழ்கிறோம். ஆனால் அரிய அடுக்குகளில் சிலவற்றையேனும் ஒதுக்கிக் காக்க வேண்டாமா? அருமை அறியாத ஒன்றைக் காக்க எவரும் முன்வர மாட்டார்கள். நேரில் பார்த்த மாணவனே நாளை அதற்காகப் பேசுவான்.

வாரணவாசியில் தொல்லுயிர்ப் படிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. காலையில் சாத்தனூர், நண்பகலில் வாரணவாசி, மாலையில் கரைவெட்டி ஏரி எனத் திட்டமிடலாம். 2024-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்த ஏரிக்குக் குளிர்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. ஒரே நாளில் நிலவியல், வேதியியல், விலங்கியல் மூன்றும் கிடைத்துவிடும்!

சில விதிகளை மறவாதீர்கள். ஆசிரியருடன் செல்லுங்கள், அனுமதியின்றிச் சுரங்கங்களுக்குள் இறங்காதீர்கள். படிவங்களைப் பெயர்த்து எடுக்காதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்தே ஒரு படிவத்தின் காலத்தை அறிகிறார்கள். இடம்விட்டு நீங்கிய படிவம் முகவரி கிழிந்த கடிதம் போன்றது. அது இருக்கும் இடத்திலேயே அளந்து, படம் வரைந்து, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தொலைதூரப் பயணம் தவறு என்பதல்ல. உதகைக்கும் போகத்தான் வேண்டும். ஆனால் தன் ஊர் மண்ணை உற்றுப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே உதகையின் பாறையும் சோலையும் பொருள் உணர்த்தும்.

நீங்கள் எந்த மாவட்டத்தவராயினும் சரி. உங்கள் ஊர்க் கிணற்றை வெட்டியபோது என்ன கல் வந்தது? கோவில் தூணுக்குக் கல் எங்கிருந்து வந்தது? ஏரிக்கு நீர் எவ்வழியே வருகிறது? இவற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வகுப்பாசிரியரிடம் சென்று, 'ஐயா, ஒரு நாள் போய்ப் பார்த்து வரலாமா?' என்று கேளுங்கள். வகுப்பில் ஒருவர்கூட விடுபடாமல் எல்லோரும் போகக்கூடிய சுற்றுலா இதுதான்!