ஆடி போனால் என்ன?



“ஆடிப்பட்டம் தேடி விதை” என்பது பழமொழி. அதற்காக ஆடி போய்விட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து.

நேமம் ஏரிப் பக்கம் எங்க தாத்தாவுக்கு 20 சென்ட் கொல்லை இருக்கிறது. போன வருஷம் ஆடியில் உழ டிராக்டர் கிடைக்கவில்லை. எல்லாம் வீட்டு மனை சமன் செய்யப் போய்விட்டன. “நாளைக்கு வரேன்” என்று சொன்ன டிராக்டர், ஐப்பசியில் முதல் மழைக்கு அப்புறம்தான் வந்தது. ஈரத்திலேயே ஓட்டினார்கள். அதுதான் தப்பு. எங்க கொல்லை களிமண். ஈரத்தில் டயர் ஏறினால் மண் இறுகிவிடும். வெயில் பட்டால் செங்கல் மாதிரி கட்டியாகும். தண்ணீர் கீழே இறங்காது. வேரும் சுவாசிக்கும் என்று அறிவியலில் படித்தோமே, அந்த வேருக்குக் காற்று கிடைக்காது. நட்ட கத்தரி நாற்று எல்லாம் அழுகிவிட்டது.

“இந்த நிலத்துல இனிமே ஒண்ணும் வராது, வித்துடலாம்” என்றார் அப்பா. அன்றைக்கு ஆயா சாப்பிடவே இல்லை.

தாத்தா விடவில்லை. பெருமழை ஓய்ந்ததும் மார்கழியில் மண்வெட்டியால் கட்டியை உடைத்து, எரு போட்டு, மேட்டுப்பாத்தி கட்டினார். நானும் தம்பியும் விதைத்தோம். பொங்கலுக்குள் சிறுகீரை பறித்தோம். தை கடைசியில் முள்ளங்கி வந்தது. அப்பா இப்போது, “சரி, இந்த வருஷம் பார்க்கலாம்” என்கிறார்.

டிராக்டர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நேரம் பார்த்து ஓட்ட வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். விரலால் தட்டினால் உதிர்ந்தால் உழலாம். உதிராவிட்டால் பொறுக்க வேண்டும். நம்ம பக்கம் வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் கொட்டுகிறது. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் யாராவது மறப்பார்களா? அதனால் மழைக்கு முன்னாடியே உழுது, ஒரு அடி உயரப் பாத்தியும் தண்ணீர் வடிய வாய்க்காலும் போட்டுவிட வேண்டும். மழை ஓய்ந்ததும் விதைக்கலாம்.

இப்போது புரட்டாசி. நம்ம பள்ளிக்குப் பின்னால் முள்செடி மண்டிக் கிடக்கிறது. அதை நாம் எல்லோரும் வெட்டிவிட்டால், டிராக்டருக்கு ஒரு மணி நேர வேலைதான். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கும். தலைமையாசிரியர் ஐயா அனுமதி தர வேண்டும். மரத்தடியில் கூட்டிக் கொளுத்துகிற சருகை மக்க வைத்தால் எருவுக்கும் செலவு இல்லை.

“அடுத்த ஆடிக்குப் பார்த்துக்கலாம்” என்று சிலர் சொல்வார்கள். அடுத்த ஆடிக்கு நாங்கள் பத்தாம் வகுப்பு. அப்போது மண்வெட்டி பிடிக்க யார் விடுவார்கள்?

இந்த தை மாதம் சத்துணவு சாம்பாரில் நம்ம முள்ளங்கி மிதக்கட்டும்!

– ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி