நாற்பதாயிரம் வோல்ற்று மாயை

நாட்டில் இத்தனை விவகாரங்கள் இருக்க, இவர் காரின் இக்னிஷன் கொயிலைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். அரசியல்வாதிகளின் வாக்குறுதிகளைச் செய்தியாக்கியே தலை நரைத்தவனுக்கு, அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாக்குறுதியையும் உரசிப் பார்க்கும் உரிமை உண்டு.

மன்னார் தீவில், தலைமன்னார் வீதியில் பேசாலைக்கு முன்பாக வரும் ஊர் தோட்டவெளி. அங்கே என் பெரியப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருக்கிறது. கலியாணங்களுக்குப் பூமாலை கட்டி வாடகைக்கு விடும் அலங்கார வண்டி என்று எண்ணிவிடாதீர்கள். சந்தைக்கும் பூசைக்கும் மன்னார் வைத்தியசாலைக்கும் அந்த வீட்டாரைச் சுமப்பது அதுதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் அது சலிக்காமல் ஓடியது.

பஞ்சம் நிறுத்தாத வண்டியைப் பாசம் நிறுத்தியது. கனடாவிலுள்ள மச்சான் ஒருவர், சிவப்பு வர்ணம் பூசிய ‘பந்தயக் கொயில்’ ஒன்றை வாங்கி அனுப்பிவைத்தார். பெட்டியில் நாற்பதாயிரம் வோல்ற்று என்று பொன்னெழுத்து. விற்றவர் பணம் கேட்டாரேயன்றி, எந்தக் காருக்கு என்று கேட்கவில்லையாம். பூட்டிய இரண்டாம் வாரம், பெரியம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிச் சென்ற வழியில், உச்சி வெயிலில் வண்டி நின்றுவிட்டது. கொயிலில் கைவைக்க முடியவில்லை. டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் பொயின்ற் கரிந்து குழிவிழுந்திருந்தது. நீரிழிவுக்காரியான பெரியம்மா ஒரு மணித்தியாலம் பனையடியில் குந்தியிருந்தார்.

இதில் மர்மம் ஏதுமில்லை. பாடசாலையில் படித்த ஓமின் விதிதான்; கலைப்பட்டதாரியான எனக்கே விளங்குகிறது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற வண்டிகளுக்கு உரிய கொயிலின் முதற்சுற்றுத் தடை ஏறத்தாழ 3 ஓம். 12 வோல்ற்றில் 4 அம்பியர் பாயும். பொயின்ற் அதைத் தாங்கும். மச்சான் அனுப்பியது 1.5 ஓம். அது 1970களில் பரவலான வேறோர் அமைப்புக்குரியது. அந்த அமைப்பில் கொயிலுக்கு முன்னால் தனியே ஒரு தடை தொடராக இருந்து மின்னோட்டத்தைக் குறைக்கும். ஸ்ராற் செய்யும் கணத்தில் மட்டும் அது விலகிக் கொள்ளும். அந்தத் தடை இல்லாத வண்டியில் இதைப் பூட்டினால் 8 அம்பியர். பொயின்ற் மூடியிருக்கையில் 48 வாற்று வெப்பம் பிறக்குமிடத்தில் 96 வாற்று பிறக்கும். அதுவும் மொறிஸ் மைனரில் கொயில் அமர்ந்திருப்பது ஏற்கெனவே சூடான டைனமோவின் முதுகில்.

அந்த நாற்பதாயிரம்? பிளக்கின் 0.6 மில்லிமீற்றர் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்குத்தான் மின்னழுத்தம் ஏறும். பொறி பாய்ந்ததும் விழுந்துவிடும். இந்தச் சாதுவான எஞ்சினுக்கு அதில் பாதிகூட வேண்டாம். மிச்சம் தேர்தல் விஞ்ஞாபனத்தைப் போலப் பெட்டியிலேயே தங்கிவிடும்.

‘பழைய வண்டி தளர்ந்துவிட்டது, பலமான கொயில் வேண்டும்’ என்பது வியாபாரிகளின் அடுத்த வாதம். உப்புக்காற்றடிக்கும் ஊரில் பொறி மங்கினால் நான் முதலில் சந்தேகிப்பது ஏர்த் வயரில் பூத்த துருவை, அடுத்தது கொண்டென்சரை. அவற்றைத் துடைத்து மாற்றச் சில நூறு ரூபாய் போதும் என்பதால் கடைக்காரருக்கு அதில் ஆர்வமில்லை. 1990களில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராற் செய்து மண்ணெண்ணெயில் ஒஸ்ரின்களை ஓட்டினார்களே, அவர்களில் எவரும் பந்தயக் கொயில் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே புலம்பெயர் உறவுகளே, அனுப்புவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். வண்டியில் தனித் தடை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் 3 ஓம் கொயில், இருந்தால் 1.5. பெட்டியை நம்பாமல் இரு சிறு முனைகளுக்கிடையே மீற்றரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மலிவான மீற்றரின் வயர்களே 0.3 ஓம் வரை காட்டலாம், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: இவ்வண்டிகளில் பல பற்றறியின் நேர்முனையை உடலோடு இணைத்து, பொசிற்றிவ் ஏர்த் முறையில் வந்தவை. அவற்றில் கொயிலின் + முனைதான் டிஸ்ரிபியூட்டருக்குப் போகவேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஓடும். பொறி மட்டும் மெலியும், பழி கொயிலின் தலையில் விழும்.

பெரியப்பா இப்போது வர்ணமும் பொன்னெழுத்தும் இல்லாத ஒரு 3 ஓம் கொயில் பூட்டியிருக்கிறார். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. சிவப்புக் கொயில் அலுமாரிக்குள் இருக்கிறது. அவர் விடுமுறையில் வரும் நாட்களில் அதை எடுத்து மறுபடி பூட்டுவதா என்று கேட்கிறார். வேண்டாம், இந்தக் கட்டுரையை அவருக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.