குட்டிக்குப் பெயர் வச்சாச்சு... டாக்டர் பார்த்தாச்சா?

சென்னிமலையில் தறிக்கூட வாசலில் கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கி வந்து பால் ஊற்றுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். அன்றைக்கே பெயரும் வைத்துவிடுகிறார்கள். டாக்டர்? குட்டி வாந்தி எடுத்துச் சுருண்ட பிறகுதான் அவர் ஞாபகம் வருகிறது!

"மாட்டு டாக்டர்கிட்ட நாயைக் கொண்டு போறதுங்களா?" என்று சிலருக்குத் தயக்கம். மாட்டுக்கும் நாய்க்கும் படிப்பு ஒன்றுதான். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால், மாடும் ஆடும் மிகுந்த கொங்குச் சீமையில் எல்லா டாக்டரும் தினமும் நாய் பார்ப்பவர்கள் அல்ல. ஆகவே குட்டி வந்த வாரமே நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும். "நாய் பார்ப்பீங்களா? ராத்திரி அவசரம்னா யாருங்க?" தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்று கேட்பதும் தப்பில்லை. கோபித்துக்கொள்ளும் டாக்டர் நமக்கு வேண்டாம்!

பார்வோ நோய் குட்டியை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். அதற்கு ஆறு, எட்டு வாரத்திலேயே ஊசி தொடங்க வேண்டும். வெறிநோய் ஊசி மூன்றாம் மாதம். அதைவிட்டு, மெடிக்கல் கடையில் மனுஷர் வலி மாத்திரை வாங்கிப் பாதி உடைத்துக் கொடுக்கிறார்களே, அது நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டு, நாளைக் காலையில் தறிக்கூடத்துக்குப் போகுமுன் அரசு கால்நடை மருந்தகம் வரை ஒரு நடை போய் வரட்டும்.