700 போட்டோ... ஒரு காலி அரங்கம்... காதுக்குள் ஒரு ரீங்காரம்!

ஹீரோ கிடையாது. ஹீரோயின் கிடையாது. ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. ஆளே இல்லாத ஓர் உள்விளையாட்டு அரங்கம்... பத்து நிமிஷம். அவ்ளோதான் படம்!

பெயர் ‘ஸ்பேசி’. 1981-ல் தகாஷி இதோ என்கிற ஜப்பான்காரர் எடுத்தது. ஃபுகுவோகா நகரத்தில் இருந்த க்யூஷு டிசைன் கல்லூரியில் அவர் அப்போது ஸ்டூடன்ட். (அந்தக் கல்லூரி 2003-ல் க்யூஷு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துவிட்டது.) உலகம் முழுக்க சோதனைப் படங்கள் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பேரைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

நான் இதை முதல் தடவை பார்த்தது சவுண்டே இல்லாமல். ரூம்மேட்டுக்கு மறுநாள் எக்ஸாம், என்னிடம் ஹெட்போன் இல்லை. மியூட்டில் போட்டுப் பார்த்தேன். ‘எப்படிடா இருந்துச்சு?’ என்று கேட்ட நண்பனிடம், ‘டெக்னிக்கலா பின்னியிருக்கான். ஆனா செம போர் மச்சி’ என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அந்தத் தீர்ப்பை நானே வாபஸ் வாங்க வேண்டி வந்த கதைதான் இந்த வாரம்.

முதலில் படம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். அரங்கத்தின் தரையில் ஸ்டாண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெரிய போட்டோ. அந்த போட்டோவில் இருப்பதும் இதே அரங்கம்தான்! கேமரா ஒரு ஸ்டாண்டை நோக்கிப் போகிறது, போட்டோ பெரிதாகிக்கொண்டே வருகிறது, திரை முழுக்க நிறைகிறது... டக்கென்று பார்த்தால், நாம் மறுபடி அரங்கத்தின் இந்தப் பக்கம் நிற்கிறோம். எதிரே அதே ஸ்டாண்டு. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. வெளியே எது, உள்ளே எது? ரெண்டும் ஒண்ணுதான் பாஸ்!

இதில் ஓர் இடத்தில்கூட மூவி கேமரா அந்த அரங்கத்துக்குள் ஓடவில்லை. எல்லாமே ஸ்டில் போட்டோ. மொத்தம் 700. அடி அடியாக நகர்ந்து எடுத்து, பிரின்ட் போட்டு, ஒவ்வொன்றையும் 16 எம்.எம். கேமராவில் ஃபிரேம் ஃபிரேமாக மறுபடி படம் பிடித்திருக்கிறார் இதோ. நகர்வதிலும் ஒரு கறாரான ரூல். முதலில் நேர்க்கோடு, அப்புறம் வட்டம், அப்புறம் பரவளைவு, கடைசியில் அரைக்கோளம். ப்ளஸ் டூ கணக்கு வாத்தியார் பார்த்தால் கண் கலங்கிவிடுவார். செகண்டுக்கு 24 ஃபிரேம் என்றால் பத்து நிமிஷத்துக்கு 14,400 ஃபிரேம். போட்டோவோ 700. அதாவது, சராசரியாக ஒவ்வொரு போட்டோவும் இருபது தடவை நம் கண் முன்னால் வந்து போகிறது. வரும் வேகமும் வரிசையும் மட்டும்தான் மாறுகிறது.

இதையெல்லாம் மியூட்டிலேயே பார்க்கலாம். நானும் பார்த்தேன். புத்திசாலித்தனமான ஸ்லைடு ஷோ மாதிரி இருந்தது.

ரெண்டு நாள் கழித்து ஹெட்போன் கிடைத்தது. இசை, யோசுகே இனாகாகி. இசை என்றதும் ட்யூனை எதிர்பார்க்காதீர்கள். ஓர் எலெக்ட்ரானிக் ரீங்காரம், அதற்குள் விடாமல் ஒரு துடிப்பு. மோட்டார் மாதிரியும் இருக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிற மாதிரியும் இருக்கிறது. முதல் நிமிஷத்திலேயே உடம்பு சீட்டில் முன்னால் சாய்ந்துவிட்டது. கேமரா தலைகுப்புறப் புரளும்போது நிஜமாகவே டேபிளைப் பிடித்துக்கொண்டேன். ஸ்லைடு ஷோ போன இடம் தெரியவில்லை. நான் அந்த அரங்கத்துக்குள் விழுந்துகொண்டிருந்தேன்!

எப்படி இது? ஆறாத படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் மூளையே அசைவை உண்டாக்கிக்கொள்ளும் என்று ஜெர்மனியின் மாக்ஸ் வெர்ட்தைமர் 1912-லேயே எழுதிவிட்டார். சினிமாவே அந்த ஏமாற்றில்தான் ஓடுகிறது. ஆனால், நேரத்தைப் பிரித்து உணர்வதில் கண் கொஞ்சம் மந்தம், காதுதான் ஷார்ப். 2000-ல் லதன் ஷாம்ஸ், யுகியாசு காமிதானி, ஷின்சுகே ஷிமோஜோ என்கிற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு சின்ன சோதனை செய்தார்கள். திரையில் ஒரே ஒரு தடவை வெளிச்சம் மின்னும். அதே நேரத்தில் ‘பீப் பீப்’ என்று ரெண்டு சத்தம். பார்த்தவர்களுக்கு வெளிச்சம் ரெண்டு தடவை மின்னியதாகவே தெரிந்தது! காது சொன்னதைக் கண் நம்பிவிட்டது. 1981-ல் ஒரு காலேஜ் படத்தில் எனக்கு நடந்ததும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சமாசாரம்தான் என்று நினைக்கிறேன்.

என் நண்பன் விடவில்லை. ‘அப்போ விஷுவல் வீக்கு. சவுண்டை வெச்சு ஒப்பேத்திட்டான்னு சொல்லு!’ சரி என்று சவாலாக, படத்தை மியூட்டில் போட்டு மேலே வேறொரு அதிரடிப் பாட்டை ஓடவிட்டோம். என்ன ஆச்சு? படம் அழகான ஸ்கிரீன் சேவர் ஆகிவிட்டது. பாட்டு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் அப்போது தன் குறும்படத்துக்கு எந்த சினிமாவின் பின்னணி இசையை உருவலாம் என்று தேடிக்கொண்டிருந்தான் என்பது கொசுறுத் தகவல்!

எனக்கு முக்கியமாகப் படுவது, இதோ எதை எடுத்துவிட்டார் என்பது. உள்விளையாட்டு அரங்கம் என்றாலே சத்தம்தானே? பந்து தட்டும் ஓசை, ஷூ தேயும் கீச்சு, கத்தினால் திரும்பி வரும் எதிரொலி. அதில் ஒன்றுகூட இங்கே இல்லை. அந்த இடத்துக்குச் சொந்தமான சத்தம் அத்தனையையும் துடைத்துவிட்டு, சம்பந்தமே இல்லாத ஒரு ரீங்காரத்தை நிரப்பியிருக்கிறார். தெரிந்த இடம் தெரியாத இடமாக மாறுவது அங்கேதான். பேய்ப் படம் இல்லை. ஆனால், தனியாக ராத்திரியில் பார்க்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் கேளுங்கள். 16 எம்.எம். பிரின்ட்டில் வழக்கமாகச் சத்தமும் ஒரு படம்தான்! ஃபிலிமின் ஓரத்தில் வளைந்து நெளியும் கோடாக அது பதிந்திருக்கும். வெளிச்சம் அதன் வழியே பாய்ந்து மறுபடி ஒலியாக மாறும். ஆனால், ஒரு ஃபிரேமின் சத்தம் அந்த ஃபிரேமுக்குப் பக்கத்தில் இருக்காது. 26 ஃபிரேம் முன்னால் இருக்கும். காரணம், படம் தெரிய ஃபிலிம் நின்று நின்று போகணும், சத்தம் கேட்க வழுக்கிக்கொண்டு ஓடணும். ஒரே இடத்தில் ரெண்டும் நடக்காது. ஃபிலிமில் ஒரு செகண்டுக்கு மேல் தள்ளி இருக்கிற ரெண்டும் ஒன்றாகச் சேர்வது நம் மண்டைக்குள்தான்.

இதோவுக்குக் கல்லூரியில் பாடம் எடுத்த தோஷியோ மாட்சுமோட்டோவும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 2017-ல் காலமானார். அவருடைய ‘ஆத்மன்’ (1975) பாருங்கள். ஆமாம், நம்ம ஊர் வார்த்தையேதான்! நோ நாடகத்தின் ஹன்னியா முகமூடி போட்ட ஓர் உருவம் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றி 480 இடங்களில் கேமராவை வைத்து, இன்ஃப்ராரெட் ஃபிலிமில் எடுத்திருப்பார். எலெக்ட்ரானிக் இசை, தோஷி இச்சியானாகி. அதையும் சவுண்டோடு பார்த்தால் தலை சுற்றும். குரு எடுத்தது ஆளை. சிஷ்யன் அந்த ஆளையும் எழுப்பி அனுப்பிவிட்டான்.

போன வாரம் ‘ஸ்பேசி’யை மறுபடி மியூட்டில் போட்டேன், சும்மா ஒரு டெஸ்ட்டுக்கு. முதல் ஸ்டாண்டு நெருங்கி வருவதற்குள் காதுக்குள் அந்த ரீங்காரம் தானாகவே ஆரம்பித்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.