லயத்துக்கும் பங்களாவுக்கும் இடையில்: மலையகத்தின் பதின்ம வயதுக் காதலுக்கு யார் விலை கொடுப்பது?

பாடசாலை விடும் நேரத்தில் ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். யார் கொழுந்து பறிப்பவரின் மகள், யார் கடை முதலாளியின் மகன், யார் தோட்ட உத்தியோகத்தரின் பிள்ளை என்று சொல்லிவிட முடியாது. ஒரே வெள்ளைச் சீருடை, ஒரே உயர்தரப் பரீட்சைக் கவலை. இந்த நெருக்கத்தில் காதலும் பிறக்கிறது. அது தெரியவரும் நாளில்தான் அழிந்துவிட்டதாக நாம் நினைத்த கோடு மீண்டும் தெரிகிறது.

பெருந்தோட்டம் படிநிலையாகவே கட்டப்பட்டது. மேட்டில் துரையின் பங்களா, அதற்குக் கீழே கிளாக்கரும் டீமேக்கரும் குடியிருந்த வீடுகள், பள்ளத்தில் லயம். தொழிலாளியின் வேலையும் கூரையும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்தன. பேர் வெட்டப்பட்டால் இரண்டும் போகும். ஆகவே கோட்டைத் தாண்டிய காதலை அடக்க அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

பிறகு அரசும் பிரித்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. உறவுகளையும் நேசங்களையும் விட்டு எத்தனையோ பேர் தலைமன்னாரில் கப்பலேறினார்கள்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. 2016இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆனது. 2021இல் வேலைக்குச் சேர்வதற்கான குறைந்தபட்ச வயதும் 16 ஆக உயர்த்தப்பட்டது. முன்பு அந்த வயதில் பிள்ளைகள் மலைக்கு வேலைக்குப் போனார்கள். படிக்கவும் கனவு காணவும் கிடைத்திருக்கும் இந்தப் பதின்ம வயதே லயத்துக்குப் புதியது.

ஆனால் வீட்டின் பொருளாதாரம் அந்த வேகத்தில் மாறவில்லை. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. குறைந்த வருமானத்தில் வாழும் குடும்பமும் வசதியான குடும்பமும் ஒரே காதலுக்கு ஒரே விலையைக் கொடுப்பதில்லை. வசதியான வீட்டுப் பையனை வேறு ஊருக்குப் படிக்க அனுப்பிவிடலாம். லயத்துப் பிள்ளைக்கோ படிப்பு நிற்கும் அபாயம் இருக்கிறது. அடுத்தது கொழும்பில் ஒரு வேலை, அல்லது அவசரக் கல்யாணம்.

சட்டம் தெளிவானது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் பொதுத் திருமணச் சட்டத்தின்கீழ் திருமண வயது 18. பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்ணின் சம்மதம் பாலுறவில் சம்மதமாகக் கொள்ளப்படாது. ஆனால் பொலிஸ் நிலையத்துக்குப் போகும் துணிவும் வசதியும் எல்லோருக்கும் சமமாக இல்லை. தொழிலாளியின் மகன் உத்தியோகத்தரின் மகளை விரும்பினால் முறைப்பாடு விரைந்து போகும். மறுபக்கமாக நடந்தால் ‘மானம் போகும், பேசி முடிப்போம்’ என்பதே முதல் ஆலோசனையாகிறது.

இது மலையகத்தின் கதை மட்டுமல்ல. 1977, 1983 வன்செயல்களில் விரட்டப்பட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. எங்களோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தன, ஒரே முகாமில் வரிசையில் நின்றன. ஆனாலும் கல்யாணப் பேச்சு வந்தால் ‘தோட்டக்காட்டார்’ என்ற சொல் இன்னும் எங்கள் வாயில் வருகிறது. சமத்துவம் கேட்டுப் போராடிய சமூகம் இந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் விரும்புவதைத் தடுக்க முடியாது. அதற்காக ஒரு பெண்பிள்ளை பாடசாலையை விட்டு விலகுவதைத் தடுக்கலாம். அதிபரும் ஆசிரியரும் வீடு தேடிப் போக வேண்டும். துன்புறுத்தல் இருந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அதற்கும் மேலாக, தோட்ட நிர்வாகத்தின் தயவில் இல்லாத சொந்தக் காணியும் வீடும் வேண்டும். தன் கூரை தன்னுடையது என்றால்தான் லயத்துத் தகப்பன் எதிர்வீட்டுக்காரரிடம் தலைநிமிர்ந்து, “என் பிள்ளை முதலில் படிப்பை முடிக்கட்டும்” என்று சொல்ல முடியும்.